மலைப்பாதையில் சைக்கிள்: வயசு ஒரு தடையா?

‘இந்த வயசுல சைக்கிளா, அதுவும் மலையிலயா?’ என்கிறீர்களா? 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் தொடங்கிய விளையாட்டு இது. இன்று அங்குள்ள கிளப்புகளில் பேரனோடு தாத்தாவும் போகிறார். முன்னால் போனவர்கள் பாதை பிரியும் இடத்தில் நின்று, கடைசி ஆள் வந்த பிறகே கிளம்புவார்கள். அதுதான் ரகசியம்!

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

* சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். பெடல் கீழே இருக்கும்போது, அதில் வைத்த குதிகாலோடு கால் நேராக நிற்கணும்.

* இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் சடாரெனப் பிடித்தால் தலைகுப்புற விழுவீர்கள். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் மெதுவாகப் பிடியுங்கள்.

* ஹெல்மெட் கட்டாயம்.

* இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஏற்றத்தில் பேச முடியாதபடி மூச்சு வாங்குதா? இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். அதில் வெட்கமே வேண்டாம்!