வஸ்கமுவ விடுதியில் பணியேற்ற மருமகனுக்கு

கண்டி.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினெட்டு வளைவு இறங்கி, ஹசலக்க கடந்து, மின்வேலிக்கு அப்பால் யானை நடமாடும் இடத்தில் நீ உத்தியோகம் ஏற்றிருப்பது உன் அம்மாவுக்குக் கவலையாகவே இருக்கிறது. கண்டியில் ஏதாவது வங்கியில் உட்கார்ந்திருக்கலாமே என்று என்னிடம் சொல்லிச் சொல்லி வருந்துகிறாள். மனிதன் வேலை செய்யத்தக்க இடங்களுள் அதுவும் சிறந்த ஓர் இடந்தான் என்று அவளுக்குச் சமாதானம் கூறியிருக்கிறேன். எனினும் உன் கடிதத்தில் ஒரு செய்தி என் மனத்தை உறுத்திற்று. ஆபிரிக்காவின் செரெங்கெட்டியையும் மசாய் மாராவையும் பார்த்துவிட்டு வரும் உல்லாசப் பிரயாணிகள் உங்கள் விடுதியில் முதல்நாள் இரவே சிறுத்தை எங்கே, கரடி எங்கே என்று கேட்கிறார்கள் என்றும், நாளைக் காலையில் கட்டாயம் காட்டுகிறோம் என்று ஜீப் சாரதிகள் சொல்லும் வார்த்தையை நீயும் சொல்லத் தொடங்கிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். தம்பி, அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடு.

செரெங்கெட்டி திறந்த புல்வெளி. அங்கே வில்டபீஸ்ட் என்னும் கொம்புடைய விலங்குகள் பத்து இலட்சத்துக்கு மேல் மழையைத் தொடர்ந்து இடம்பெயர்கின்றன. சிங்கம் வெட்டவெளியில் படுத்திருக்கும். கண்ணுள்ளவன் எவனும் காணலாம். உன் காடோ மகாவலி கங்கைக்கும் அம்பன் கங்கைக்கும் இடையில், 360 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த உலர்வலயக் காடு. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்களாலும் குடியேற்றங்களாலும் இருப்பிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டுமென்ற எண்ணமும் சேர, 1984ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பழைய தெல்தெனிய நகரை நீரில் மூழ்கடித்த அதே திட்டத்தின் மறுபக்கம் அது. அங்கே பத்தடி தூரத்தில் ஒரு கரடி நின்றாலும் வீரைமரத்து அடர்த்தி அதை உன் கண்ணுக்குக் காட்டாது. இப்படிப்பட்ட காட்டுக்காக விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் பேசுவது, அதை அறியாதவன் செய்யும் காரியம்.

கட்டாயம் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தவன் அதை நிறைவேற்றியாக வேண்டும். நிறைவேற்ற வேண்டியவன் தேடமாட்டான், துரத்துவான். யாலைப் பூங்காவின் முதலாம் பிரிவில் ஒரு சிறுத்தை மரக்கிளையில் தென்பட்டதும் தொலைபேசிவழிச் செய்தி பரவி, ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து பாதையை அடைத்து நிற்கும் காட்சி இத்தேசமே அறிந்தது. அதன் வேர் முதல்நாள் இரவு உணவு மேசையில் கொடுக்கப்பட்ட ஒரு வாக்குறுதியே. விலங்கு வருவதும் வராததும் அதன் இஷ்டம் என்பதை முதலிலேயே பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிட்டால் உன் விருந்தினரும் ஆறுதலாகப் பார்ப்பார். சாரதியும் நிதானமாக ஓட்டுவான்.

அப்படியானால் எதைக் காட்டுவது என்று கேட்பாய். காணாத கரடியைப் பற்றியே ஒரு காலைப்பொழுது முழுவதும் பேசலாம், தம்பி. ஜூன், ஜூலை மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடி மரத்தில் ஏறிக் கிளைகளில் இருந்தபடி தின்னும். அம்மரத்தின் பட்டையில் அதன் நகக்கீறல் பதிந்திருக்கும். தோண்டிய கறையான் புற்றின் முன் ஜீப்பை நிறுத்தி (இறங்காமல்தான்), அந்தக் கரடிக்கு மேல்வாயின் நடுவே இரண்டு முன்பற்கள் இல்லை என்பதையும், அவ்விடைவெளியால் முதலில் புழுதியை ஊதித் தள்ளிப் பின்னர் கறையானை உறிஞ்சி எடுக்கும் என்பதையும், அந்த ஓசை வெகுதூரம் கேட்கும் என்பதையும், குட்டிகளை முதுகிலே சுமந்து திரியும் தாய்க்கரடியைத் திடுக்கிடச் செய்தவன் படுகாயமின்றி மீள்வது அரிது என்பதையும், ஆகையால் சுற்றுக் கிராமத்தவர் சிறுத்தையைவிடக் கரடிக்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்பதையும் எடுத்துச் சொல். இருவாய்ச்சிப் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் ஆண்பறவை ஒரே மரப்பொந்துக்கு மீண்டும் மீண்டும் பறந்துவருவதைக் காட்டு. உள்ளே பேடு தன்னைத் தானே அடைத்துக்கொண்டு முட்டை காத்திருக்கிறது. ஒரு சிறு பிளவின் வழியாக அலகு மட்டும் வெளியே நீளும். வெளியே சென்ற ஆணை எவனாவது சுட்டுவிட்டால் அந்தக் குடும்பமே பட்டினியாகிவிடும். இவ்வளவும் அறிந்து திரும்பும் விருந்தினர் ஏமாந்தவராகத் திரும்பமாட்டார்.

யானை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி அசையாது நிற்கும் யானை, போதும், போய்விடு என்று சொல்கிறது. கன்னப்பொறியில் மதநீர் வழியும் ஆண்யானை அவ்வளவுகூடச் சொல்லாது. படத்துக்காக இன்னும் சற்று நெருங்கச் சொல்பவர் எவ்வளவு பணம் செலுத்தியவராயினும் மறுத்துவிடு. ஒருகாலத்தில் இம்மலைநாட்டுக்கு விருந்தினர் துப்பாக்கியோடு வந்தார்கள். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்று சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். 1937இல் விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் பிறந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஒரு நூற்றாண்டு கிடக்கிறது.

இனி, விடுதி வாழ்வைப் பற்றி. விடியுமுன் எழுந்து விருந்தினருக்குத் தேநீர் கொடுத்தனுப்புவதும், மாலையில் திரும்பியவர்களின் அநுபவத்தைக் கேட்பதும் உன் தினசரிக் கடமைகள். ஆனால் காலை உணவு மேசையில் ஒருவர் யானைக்கூட்டத்தை வர்ணித்து மகிழும்போது, அவருக்கு ரொட்டி பரிமாறும் பையன் முந்தின இரவு முழுவதும் தன் தகப்பனோடு வயற்காவற் பரணில் விழித்திருந்தவனாக இருக்கலாம். விடுதியைச் சுற்றியுள்ளவை மகாவலித் திட்டத்தில் குடியேறிய விவசாயிகளின் கிராமங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். துப்பாக்கிச்சூடு, களவாக இழுத்த மின்கம்பி, பழத்துக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் என்ற வாய்வெடி, புகையிரதம் ஆகியவற்றால் யானைகள் மடிகின்றன. இரவில் பாதையிலும் வயல்வரம்பிலும் எதிர்ப்பட்டு மனிதர்கள் மடிகிறார்கள். யானை காணும் இன்பத்தை விற்கும் விடுதி இந்தத் துக்கத்தில் தனக்குப் பங்கில்லை என்று இருந்துவிடக் கூடாது. சமையலறைக் கழிவையும் பழத்தோலையும் வேலியோரம் கொட்ட விடாதே; உப்பும் நெல்லும் பழமும் உள்ள இடத்தை யானை மறக்காது; இன்று உங்கள் குப்பைக்குழிக்கு வந்தது நாளை பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கும். காய்கறியும் தயிரும் கண்டிச் சந்தையிலிருந்து வருவதைக் குறைத்து அந்தக் கிராமத்தவரிடமே வாங்கும்படி முதலாளியிடம் பேசு. யானையால் வருமானமும் உண்டு என்று அறிந்தவன்தான் யானையைப் பொறுத்துக்கொள்வான்.

நீ ரங்கலைத் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிச் சென்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். பன்றிக்காக வைக்கும் கம்பிக் கண்ணியில் சிறுத்தை மாட்டிக்கொள்வதும் உனக்குத் தெரியும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படித்தான் ஓர் அபூர்வமான கருஞ்சிறுத்தை சிக்கி இறந்தது. தோட்டத்து ஜனங்களின் பயத்தையும் வறுமையையும் உள்ளிருந்து அறிந்த உன்னைப் போன்ற ஒருவன் கண்ணி வேண்டாமென்று அவர்களிடம் பேசினால், வெளியிலிருந்து வந்து புத்திமதி சொல்வோர் பேச்சைவிட அது காதில் ஏறும்.

வனசீவராசிகள் திணைக்களத்து வழிகாட்டிகளை அண்ணன்மாராக எண்ணிப் பழகு. தடம் பார்க்கும் வித்தையை அவர்களைவிட நன்றாக உனக்குக் கற்பிப்பார் இல்லை. மரம், பறவை, விலங்கு யாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் குறித்துவை. லீவில் இங்கே வரும்போது தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலேக்கு அதிகாலையில் வா, சேர்ந்து நடப்போம். நூறு ஹெக்டயர் அளவே ஆன அவ்வனம் 1938 முதல் சரணாலயமாக இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பஸ் ஓடினாலும் அங்கே பறவைக்குரலைப் பிரித்தறியப் பழகலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மழைமாதங்களில் உங்கள் ஜீப்புகள் பாதிநாள் வெறுமனே நிற்கும் என்று எழுதியிருந்தாய். மழை ஓய்ந்து பாதை சற்றுக் காய்ந்ததும், அந்த ஜீப்புகளில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளையும், ரங்கலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளையும் ஒருநாள் காட்டுக்குள் அழைத்துச் செல்ல முதலாளியிடம் அநுமதி கேள். தலைமையாசிரியருக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். பிரயாணச் செலவிலும் என்னால் இயன்ற பங்கைத் தருவேன். முதலாளியின் பதிலை அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா.