வீட்டில் கோழி வளர்க்கலாமா?



நம் ஊர்ப்பக்கம் கோழி வளர்க்காத உம்மாமார் அபூர்வம். கொல்லையில் ஒரு பஞ்சாரம், அதற்குள் அடைகாக்கும் பெட்டை, விருந்தாளி வந்தால் ஒரு விடைக்கோழி என்று வளர்ந்தவர்கள் நாம். ஆதலால் சிங்கப்பூரில் கடை வைத்துக் குடும்பத்தோடு குடியிருக்கும்போதும் அந்த ஆசை விடுவதில்லை. இது பற்றி இங்குள்ள சட்டம் என்ன என்று கடைக்கு வரும் நண்பர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டவர் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

2022 ஜூன் 1ஆந் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அதற்கு முந்திய வருஷம் இங்கு வந்த கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அதில் பெரும்பாலும் உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டதுதான். சாப்பாட்டுக் கடை நடத்தும் நம்மவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் நம் பிள்ளைகளுக்கு இரண்டு குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். நாமும் யோசியாமல் வாங்கி, அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் இடத்தில் விட்டுவிட்டோம்.

அது தவறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கோழி, வாத்து முதலியவற்றை வளர்க்க அனுமதி கிடையாது. ஒன்றே ஒன்றாயினும் கூடாது. 2024 செப்டம்பர் 1 முதல் அவ்வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று விதி தளர்ந்தது உண்மைதான். கோழிக்கு அந்தத் தளர்வு வரவில்லை. தனியார் தரைவீட்டில் இருப்பவர்கள் மட்டும் பத்துக் கோழிகள் வரை செல்லப்பிராணியாக வளர்க்கலாம், வியாபாரத்துக்கு அல்ல. 2019 ஏப்ரல் முதல் இவ்விஷயத்தைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு மருத்துவப் பிரிவாகும்.

இதெல்லாம் நமக்கு அப்போது தெரியாது. சில மாதம் கழித்து இரண்டில் ஒன்று சேவல் என்று அதுவே அறிவித்தது. விடியற்காலை நான்கு மணிக்கு! மேல்வீட்டில் இருப்பவர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் மலாய்ப் பெண்மணி. அவர் எங்கும் புகார் எழுதவில்லை. நேரே வந்து கதவைத் தட்டி, "பாய், மூன்று நாளாகத் தூங்கவில்லை" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி மதரஸாவில் ஓதிய நமக்கு, அதை ஒரு சேவல் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

சரி, சேவலை என்ன செய்வது? வீட்டிலேயே அறுத்துவிடலாம் என்று எண்ணினோம். நம் கை அறுக்கப் பழகிய கைதான். ஆனால் உண்பதற்காகப் பிராணிகளை அறுப்பது உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்தில்தான் நடக்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பூங்காவில் விட்டுவிடலாமா என்றான் மகன். வளர்த்த பிராணியைக் கைவிடுவதும் குற்றமே. அப்படித் திரியும் கோழிகளுக்கு நல்ல முடிவும் இருப்பதில்லை. 2017இல் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் சத்தம் பற்றிப் புகார் வந்து, சுமார் 24 கோழிகள் பிடித்துக் கொல்லப்பட்டன. பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது.

கடைசியில் தரைவீட்டில் இருக்கும் மச்சானிடம் போனோம். அவரிடம் ஏற்கெனவே ஒன்பது கோழிகள். நம் இரண்டும் சேர்ந்தால் பதினொன்று. "ஒன்றுதான் எடுப்பேன் மாப்பிள்ளை, கணக்கு கணக்குத்தான்" என்று பெட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். சேவலுக்கு அவருடைய சிநேகிதர் ஒருவர் இடம் கொடுத்தார்.

மச்சான் வளர்க்கும் முறையைச் சொல்லவேண்டும். கூட்டுக்குக் கூரையும் நாலு புறமும் நெருக்கமான வலையும் உண்டு. காகமோ சிட்டோ உள்ளே புக முடியாது. பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகளின் எச்சத்தாலும் பரவுவதால் இது அவசியம். 1997இல் ஹாங்காங்கில் அக்காய்ச்சல் 18 பேரைப் பிடித்து, ஆறு பேர் மாண்டார்கள். அங்கிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழிக்க நேர்ந்தது. கூட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மச்சான் யாரையும் உள்ளே விடுவதில்லை. தீனியை இரவில் வெளியே வைப்பதில்லை. வைத்தால் எலி வரும். தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்க்கிறார். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரமே போதும். அவரிடம் சேவல் இல்லை. சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். பெட்டை தானாகவே முட்டையிடும். அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவே.

கடைக்காரர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. வீட்டுக் கோழியின் முட்டையை "கம்போங் முட்டை" என்று சிலர் கடைக்குக் கொண்டுவருவார்கள், விலையும் மலிவாயிருக்கும். விற்பனைக்கான முட்டை உரிமம் பெற்ற பண்ணையிலிருந்தோ முறையான இறக்குமதியாளரிடமிருந்தோ வரவேண்டும். ரசீது இல்லாத முட்டையைத் தட்டில் அடுக்கினால், பிறகு ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்லவேண்டியவர் கடைக்காரர்தான்.

மச்சான் மாதம் ஒருமுறை அரை டஜன் முட்டை கொண்டுவந்து கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். போன வாரம் ஒரு வாடிக்கைக்காரர் அதைப் பார்த்து விலை கேட்டார். விற்பதற்கல்ல என்று சொல்லி, இரண்டை மேல்வீட்டுப் பெண்மணிக்குக் கொடுத்தனுப்பினோம்.