உறக்கத்திற்கும் ஒரு கணக்கேடு

ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர்களிடம் நலம் விசாரிக்கையில் அடிக்கடி கேட்க நேரும் குறை, இரவில் உறக்கமில்லை என்பதே. அதற்கு அவர்கள் கைக்கொள்ளும் பரிகாரமும் ஏறத்தாழ ஒன்றுதான்: இன்னும் சீக்கிரம் படுத்துவிடுவது. தூக்கமின்மை வேரூன்றுவதற்கு இப்பரிகாரமே துணைபோகிறது என்கிறது உளவியல்.

வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கம் கெட்டு, பகற்பொழுதும் பாதிப்புற்று, அந்நிலை மூன்று மாதங்கள் நீடிக்குமாயின் அதனை நாட்பட்ட தூக்கமின்மை என்பர். பணியிட மாற்றத்தாலோ குடும்பக் கவலையாலோ அது தொடங்கியிருக்கலாம். ஆனால், காரணம் தீர்ந்த பின்னும் அது தீருவதில்லை. விழித்தபடி புரண்ட இரவுகளால், படுக்கை என்றாலே விழிப்பு என்று மனம் பழகிவிடுகிறது. இப்பழக்கத்தை மாற்றுவதே அறிதல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டில், மாத்திரைக்கு முன்பாக இதனையே முதற்சிகிச்சையாகப் பரிந்துரைத்தது.

சிகிச்சை ஒரு நாட்குறிப்பில் தொடங்குகிறது. படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம் ஆகியவை நாள்தோறும் பதிவாக வேண்டும். கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் எனக்கு இப்பகுதி மிகவும் பிடித்தமானது. ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார். உறங்கியதோ ஐந்தரை மணி நேரம். எட்டு மணி நேரத்தில் இது சுமார் 69 விழுக்காடு. உளவியலர் அவரது படுக்கை நேரத்தையே ஐந்தரை மணி நேரமாகச் சுருக்குவார்: 12.30க்குப் படுத்து 6 மணிக்கு எழ வேண்டும். முதல் வாரம் கடினமாகவே இருக்கும். ஆயினும் உறக்க வேட்கை நாளுக்கு நாள் திரண்டு, படுத்தவுடன் கண் அயரும் நிலை வரும். விழுக்காடு 85ஐத் தாண்டியபின் வாரந்தோறும் 15 நிமிடங்கள் கூட்டப்படும். ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வெளியிட்ட முறை இது.

உறக்கம் வராவிடில் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது மற்றொரு விதி. வேறு அறை இல்லாத வீடுகளில் நாற்காலி ஒன்று போதும். 'இன்று தூங்காவிடில் நாளை எல்லாம் கெடும்' என்னும் அச்சமும் ஆராயப்படும். சுவர்க் கடிகாரத்தைப் பார்வையிலிருந்து அகற்றுவதும் உண்டு.

வலிப்பு, இருமுனை மனநோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவை உடையோரும் இரவில் வாகனம் ஓட்டுவோரும் மருத்துவரைக் கேளாமல் உறக்க நேரத்தைச் சுருக்கலாகாது. உறக்க மாத்திரை உட்கொண்டு வருபவர் அதனைத் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

அருகில் மனநல நிபுணர் இல்லாதோர் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் செல்வோர் இரண்டு வார நாட்குறிப்பை உடன் கொண்டுசெல்வது நலம். முதற்சந்திப்பிலேயே அது கேட்கப்படும்.