தமிழ்த் தரவுக்குப் பெர்ல்: தனி ஸ்கிரிப்டா, பேஸ் கிளாஸா?

மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய எமில் தரவகத்தில், தமிழ் உட்பட 14 தெற்காசிய மொழிகளின் உரைகள் இருக்கின்றன. அவை யுடிஎஃப்-16 கோப்புகள். இணையத்தில் நாம் திரட்டுவது யுடிஎஃப்-8. பழைய மின்னூல்கள் சில இன்னும் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலேயே கிடக்கின்றன. இவற்றில் சொல் எண்ணவும் தேடவும் பெர்லில் ஸ்கிரிப்ட் எழுத வருபவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி தனிக்கோப்பு. ஒன்றிரண்டு ஸ்கிரிப்டுகள்தான் என்றால் அதுவே போதும். ஆப்ஷன்களைப் படிக்க கெட்ஆப்ட்::லாங், உதவிக் குறிப்பைக் காட்ட பாட்::யூசேஜ். இரண்டும் பெர்லோடு சேர்ந்தே வருகின்றன. எதையும் நிறுவ அனுமதியில்லாத கல்லூரி சர்வரிலும் ஓடும்.

ஸ்கிரிப்டுகள் பெருகும்போதுதான் சிக்கல். ‘மைசூரு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், டிகோட் செய்யாத பெர்ல் 18 என்கிறது. அது பைட் கணக்கு. டிகோட் செய்தால் 6, குறியீட்டுப் புள்ளிகளின் எண்ணிக்கை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் \எக்ஸ் கொண்டு எண்ணினால்தான் நாம் எழுத்து என்று சொல்லும் 3 கிடைக்கிறது. கமாண்ட் லைனில் தரும் தேடுசொல்லும் பைட்டுகளாகவே வந்து சேரும். அதை டிகோட் செய்ய மறந்தால், கோப்பில் கண்ணெதிரே இருக்கும் சொல்கூட அகப்படாது. பிழைச் செய்தியும் வராது. பத்து ஸ்கிரிப்டுகளில் ஒன்றில் டிகோட் செய்யும் வரி விடுபட்டாலும் ஆய்வின் எண்ணிக்கை தவறிவிடும்.

இரண்டாவது வழி, எல்லா ஸ்கிரிப்டுகளுக்கும் பொதுவான வேலையை ஒரே இடத்தில் வைக்கும் பேஸ் கிளாஸ். தமிழ் வேலைக்கு அது தேவைப்படுவது இதற்காகத்தான். தட்டச்சு மிச்சமாவது அடுத்த விஷயம். அதன் ‘ரன்’ என்ற மெத்தட் ஆப்ஷன்களைப் படித்து, தேடுசொற்களை டிகோட் செய்து, கோப்புகளை உரிய என்கோடிங்கில் திறக்கட்டும். பிள்ளை கிளாஸ் தன் ஆப்ஷன்களையும் ஒரு வரியை என்ன செய்வது என்பதையும் மட்டும் சொன்னால் போதும். என்கோடிங்கை ஆப்ஷனாக வையுங்கள்: தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி இல்லாத யுடிஎஃப்-16 கோப்பைப் பெர்ல் படிக்க மறுத்து நின்றுவிடும்; அப்போது பைட் வரிசை எல்இ-யா (லிட்டில் எண்டியன்) பிஇ-யா (பிக் எண்டியன்) என்று நாம்தான் சொல்ல வேண்டும். க்ஷ-வை \எக்ஸ் இரண்டாக எண்ணும். ஒன்றாக எண்ணுவது உங்கள் விதி என்றால் அதுவும் இங்கேயே இருக்கட்டும். பரம்பரை ஒரு தலைமுறையோடு நிற்கட்டும். பேரன் கிளாஸ் வந்தால் எந்த மெத்தட் எங்கிருந்து வருகிறது என்று தேடியே பொழுது போய்விடும்.

மூன்றாவது வழி, பெர்ல் மாட்யூல்களின் களஞ்சியமான சிபானில் கிடைக்கும் ஆப்::சிஎம்டி. கிட் போல ஒரே பெயரின் கீழ் பல துணைக் கட்டளைகள் வேண்டும், பலர் பயன்படுத்துவார்கள் என்றால் அதை எடுக்கலாம். ஆனால் சார்பு மாட்யூல்களையும் நிறுவ வேண்டும். என்கோடிங் பொறுப்பும் நம் தலையில்தான். 2023-இல் வந்த பெர்ல் 5.38 தரும் புதிய கிளாஸ் தொடரியல் அழகானது, ஆனால் சோதனை நிலை என்ற அறிவிப்போடு வந்தது. பல ஆண்டுகள் ஓட வேண்டிய கருவிக்கு இப்போதைக்கு வேண்டாம்.

மொழி ஆய்வு மாணவருக்கு என் பரிந்துரை இரண்டாவது வழி. மூன்றாவது ஸ்கிரிப்டைத் தொடங்கும்போதே பேஸ் கிளாஸை எழுதி, யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16 இரண்டிலும் ஒரே உரையைக் கொடுத்து ஒரே விடை வருகிறதா என்று டெஸ்ட் எழுதிவிடுங்கள்.