குதிகால் தசைநாண் வலி: படிக்கட்டா, ஷாக் வேவா?

மாதக்கணக்கில் விடாத வலியா? எங்கே என்று முதலில் அழுத்திப் பாருங்கள். குதிகால் எலும்புக்கு இரண்டு, மூன்று விரற்கடை மேலே என்றால், செலவில்லாத படிக்கட்டிலிருந்தே தொடங்கலாம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை: படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் எம்பி, வலிக்கும் காலால் மெல்ல இறங்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று; லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று. காலை, மாலை என 12 வாரம். கைப்பிடியை விடாதீர்கள். பொறுக்கக்கூடிய வலி இருக்கத்தான் செய்யும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு.

எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலியா? படிக்குக் கீழே குதிகாலை இறக்காமல் தரையில் நின்றே செய்யுங்கள். இறக்கினால் தசைநாண் எலும்பில் நசுங்கும். மெஷினால் வலிக்கும் இடத்தில் அதிர்வலை செலுத்தும் ஷாக் வேவ் சிகிச்சை கைகொடுப்பது முக்கியமாக இங்கேதான். வழக்கமாக வாரம் ஒன்றாக மூன்று முறை தருவார்கள். மேல்பகுதி வலிக்குப் படிக்கட்டுப் பயிற்சியும் ஷாக் வேவும் ஏறக்குறைய சமம் என்றது 2007-இல் வந்த ஆய்வு. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது என்றது 2009 ஆய்வு. அதனால் மெஷினுக்குப் பணம் கட்டிவிட்டுப் பயிற்சியைக் கைவிடாதீர்கள்.

சில ஆன்டிபயாடிக்குகள் தசைநாணைப் பாதிக்கலாம்; சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாத்திரை எடுப்பவர்கள் வலி தொடங்கியதுமே மருத்துவரிடம் சொல்லவும். 'டப்'பென்று அறுந்ததுபோல் இருந்தால் அன்றே மருத்துவமனை.