பல்பை மாற்றினால் போதுமா?

கேள்வி: இரவில் ஏற்காடு மலைப்பாதையில் என் பழைய காரின் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா, எல்.இ.டி.க்கு மாறலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: இரண்டுமே வேண்டாம். எச்4 ஹாலோஜன் பல்பின் முறையான அளவு 60/55 வாட். 100/90 போட்டால் ஹோல்டர் உருகும், வயர் சூடேறும். அது அனுமதிக்கப்பட்ட அளவையும் மீறியது. எல்.இ.டி.யில் சிக்கல் வேறு. ஹாலோஜன் ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தை வைத்தே ஒளியைக் குவிக்கிறது. அந்த இடம் சற்றுப் பிசகினாலும் ஒளி சிதறி, எதிரே இறங்கி வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

முதலில் ஹெட்லைட் மூடியைப் பாருங்கள். மஞ்சள் பூத்திருந்தால் பாலிஷ் போடுங்கள். அடுத்து, மின்னழுத்தம் குறையாமலிருக்க ரிலே வைத்த வயரிங் போடுங்கள். பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 15 சதவீதம் குறையும். பிறகு நல்ல நிறுவனத்தின் 60/55 பல்புகளை ஜோடியாக மாற்றுங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ஆயுள் குறையும். கடைசியாக, ஒளியின் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். எவ்வளவு பிரகாசமான ஹெட்லைட்டும் வளைந்து போகாது. திரும்பும் பக்கம் இருட்டாகவே இருக்கும். பக்கவாட்டில் விரியும் ஃபாக் லேம்ப் அங்கே கைகொடுக்கும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.