பேக்கப் சர்வருக்கு கம்ப்யூட்டர் சிக்கவில்லையா?

ஏனாத்தூர் பக்கம் ஜெராக்ஸ் கடையோ டியூஷன் சென்டரோ நடத்துபவரா? இரவில் ஓடவிட்ட பேக்கப் காலையில் ‘கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்றால், முதலில் அந்த கம்ப்யூட்டர் ஸ்லீப் மோடுக்குப் போயிருந்ததா என்று பாருங்கள். பல நேரம் விஷயம் அவ்வளவுதான்.

கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் ஐபி முகவரியை மாற்றிக் கொடுத்திருக்கலாம், 192.168.1.5 இப்போது 192.168.1.9 ஆகியிருக்கும். ரவுட்டர் செட்டிங்கிலேயே முகவரியை ரிசர்வ் செய்துவிடுங்கள்.

பிங் போகவில்லை என்றதும் கேபிளைப் பிடுங்க வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். பேக்கப்புக்கான போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதியுங்கள்.

பாக்குலா பேக்கப் மென்பொருளில் அதிகம் படுத்துவது இதுதான்: பேக்கப்பை நடத்தும் ‘டைரக்டர்’ என்ற பகுதி 9102 போர்ட்டில் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். பிறகு கம்ப்யூட்டர்தான் 9103-இல், பேக்கப்பைச் சேமிக்கும் ‘ஸ்டோரேஜ்’ பகுதியைக் கூப்பிட வேண்டும். ஸ்டோரேஜ் முகவரியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருந்தால், பாவம், கம்ப்யூட்டர் தன்னையே தேடிக்கொண்டிருக்கும். சர்வரின் உண்மையான ஐபியை எழுதுங்கள்.

சர்வர் வெளியூரில் இருந்தால் 192.168, 10 என்று தொடங்கும் முகவரிகள் அதற்கு எட்டாது. 4ஜி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் பெரும்பாலும் பலிக்காது. வயர்கார்டு விபிஎன் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்தே இணைப்பை எடுக்கச் செய்யுங்கள். இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க வயர்கார்டில் கீப்அலைவை 25 நொடி என்று வையுங்கள்.